பக்கத்து மாநிலம்தானே? கோவையிலிருந்து திருச்சூருக்குக் குடிபோவது பற்றி

11 மே 2025, வாசகி ஒருவரின் கேள்வி

கணவருக்குத் திருச்சூரில் வேலை உறுதியாகிவிட்டது. சம்பளம், வாடகை எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தாயிற்று, கட்டுப்படியாகும். கோவையிலிருந்து மூன்று மணி நேரம், பக்கத்து மாநிலம்தானே, பெரிதாக என்ன மாறிவிடும் என்கிறார் அவர். கூட மாமியார் இருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் ஆறாவது முடித்து ஏழாவது போகிறாள். ஏற்கெனவே போனவர்கள் சொல்லுங்கள், போகலாமா?

11 மே, இரவு

போகலாம். ஆனால் வேலைக்குப் போகிறவரை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அவருக்கு மாறப்போவது பாதி நாள்தான். காலையில் போய்விட்டு இருட்டிய பிறகு வருகிறவருக்கு எந்த ஊரும் ஒன்றுதான். நாள் முழுக்க மாறப்போவது உங்கள் மாமியாருக்கு. அவரை வைத்து மறுபடி போடுங்கள்.

நாங்கள் 2019 மே கடைசியில் வந்தோம். வீட்டுக்காரருக்கு நகைப் பட்டறையில் வேலை. நான், மூன்றாவது போகவேண்டிய மகன், என் மாமியார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஆறு வருடம் ஆகிறது. மீதியை நாளைக்கு.

12 மே

மொழியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஒரு மாதத்தில் புரிந்துவிடும், மூன்று மாதத்தில் நாமே பேசிவிடுவோம். அவர்களுக்கும் தமிழ் ஓரளவு புரியும்.

கரண்ட் பில் இரண்டு மடங்கு ஆகும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். இங்கே அது கிடையாது.

பொங்கலுக்கு லீவு கிடையாது. தீபாவளி ஒரு நாள், அதுவும் சத்தமில்லாமல் போய்விடும். பட்டாசெல்லாம் இங்கே விஷுவுக்குத்தான்.

13 மே

நேற்று மொழியைப் பற்றி எழுதியது அவசரத்தில் எழுதியது. அந்த 'அவசரம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வந்த புதிதில் மகனுக்குக் காய்ச்சல், மருந்துக்கடையில் நின்று "அவசரம், அவசரம்" என்கிறேன், கடைக்காரர் நிதானமாக முன்னால் நின்றவருக்குச் சில்லறை எண்ணுகிறார். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. நான் என்ன வாய்ப்புக் கேட்கிறேன் என்று அவர் யோசித்திருப்பார். அவர்கள் 'அடியந்தரம்' என்று சொல்வார்கள்.

தெரியாத மொழி என்றால் கேட்டுக் கேட்டுப் பேசுவோம். இது தெரிந்த மாதிரியே இருக்கிற மொழி. நம் சொல்லே வேறு பொருளில் வந்து நிற்கும். வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். சம்சாரம் என்றால் பேச்சு. பட்டி என்றால் நாய். உள்ளி என்றால் சின்ன வெங்காயம், பெரிய வெங்காயத்துக்கு சவாள.

அத்தை வந்த முதல் வாரம் மழையில் குடை பிடித்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய் "ஒரு கிலோ சர்க்கரை" என்றார். கடைக்காரர் பழுப்பாய் உருண்டை உருண்டையாய் எடுத்துத் தராசில் வைத்தார். வெல்லம். இங்கே வெல்லத்தின் பெயர்தான் சர்க்கரை, நம் சர்க்கரைக்குப் பெயர் பஞ்சசார. அத்தை "இது இல்லீங்க, வெள்ளையா இருக்குமே" என்று கையால் காட்ட, அவர் உப்பை எடுத்து வைத்தார். அத்தை ஒன்றும் சொல்லாமல் அந்த வெல்லத்தையே வாங்கிக்கொண்டு வந்து மேடைமேல் வைத்தார். அன்றைக்கு எல்லோருக்கும் வெல்லக் காப்பி. நாங்கள் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை. அதன் பிறகு இரண்டு மாதம் அவர் கடைக்குப் போகவே இல்லை. அறுபத்தைந்து வயதுவரை தன் தெருவில் தானே கடைக்குப் போய் விலை பேசி வாங்கிய மனுஷி. அது எனக்கு உறைக்கவே நாளாயிற்று.

மொழி 'ஒரு மாதத்தில் வரும்' என்று எழுதியவள் வெளியே போய் வந்துகொண்டிருந்த நான். அத்தைக்கு இரண்டு வருடம் ஆனது.

13 மே, பின்னிரவு

பேச்சு வந்தாலும் எழுத்து வராது, அதையும் சொல்ல வேண்டும். ஊருக்குள் ஓடுகிற பஸ் பலகைகளில் மலையாளம்தான். பேச்சில் ஆறு மாதத்தில் தேறிய நான் பஸ் பலகை படிக்க ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டேன். வருவதற்கு முன்னாலேயே எழுத்துப் படித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நாலு எழுத்து போதும். முடிந்தால் மாமியாருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

17 மே

பொங்கல் லீவு பற்றித் திருத்தம். கேரளா முழுக்கக் கிடையாது என்பது தவறு. பாலக்காடு, இடுக்கி போலத் தமிழர் நிறைய இருக்கிற மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். திருச்சூருக்கு இல்லை. பாலக்காட்டிலிருந்து ஒருவர் சரியாகச் சுட்டிக்காட்டினார், நன்றி.

அவர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: பாலக்காட்டில் வீடு எடுத்துவிட்டுத் திருச்சூருக்குப் போய்வந்தால் என்ன? அதிலும் நியாயம் இருக்கிறது. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தமிழ் வழிப் பள்ளிகளே உண்டு, கடையில் தமிழிலேயே பேசலாம். முன்பு வழியில் இருக்கிற குதிரான் மலை ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டினால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். 2021, 2022இல் சுரங்கப்பாதைகள் இரண்டும் திறந்த பிறகு அந்தப் பயணம் மனிதர் செய்யக்கூடியதாகிவிட்டது. ஆனால் தினமும் இரு வழியும் என்றால் வீட்டுக்காரருக்கு உடம்பு தாங்குமா என்று பாருங்கள்.

25 மே

நேற்றே பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். வழக்கமாக ஜூன் 1. இவ்வளவு சீக்கிரம் வந்தது 2009க்குப் பிறகு இப்போதுதான். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியவில்லை.

கோவையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வது 700 மில்லிமீட்டரைச் சுற்றி. கேரளத்தின் சராசரி 3,000ஐ ஒட்டி. எண்ணாகப் பார்த்தால் 'மழை அதிகம்' என்று தோன்றும், அவ்வளவுதான். வீட்டுக்குள் அது வேறு மாதிரி. கோவையில் ஆடிச் சாரலில் நனைந்த துணி மறுநாள் காய்ந்துவிடும். இங்கே பள்ளிச் சீருடை மூன்று நாள் ஈரம் விடாது. ஃபேனுக்குக் கீழே நாற்காலி முதுகில் போட்டு, கடைசியில் தேய்ப்புப் பெட்டியால் உலர்த்தி அனுப்புவோம். முதல் வருடம் வீட்டுக்காரரின் தோல் பெல்ட்டை ஒரு மாதம் கழித்து அலமாரியிலிருந்து எடுத்தேன், வெள்ளையாய் மாவு பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் போகிறது, நாலு நாளில் மறுபடி பூக்கிறது. கட்டில் கால், சுவாமி படச் சட்டம், செருப்பு, எல்லாவற்றிலும் பூசணம். பட்டுப்புடவைகளை நான் கோவையில் அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

ஆகவே வீடு பார்க்க வருகிறவர்கள் ஜனவரியில் வராதீர்கள். டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒரு வறண்ட காற்று வீசும். இங்கே விருச்சிகக் காற்று என்பார்கள். வெயில் இதமாக, தரை காய்ந்து, எந்த வீடும் அழகாகத் தெரியும். ஜூலையில் வந்து பாருங்கள். சுவரில் கையை வைத்துப் பாருங்கள்.

2 ஜூன்

பள்ளி திறந்துவிட்டது. இதை எழுதத்தான் மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் மகள் அரசுப் பள்ளியில் ஆறாவது முடித்திருக்கிறாள் என்றீர்கள். அந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது, பிறகு பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் நீட்டினார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அது. புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரி போகிற பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 தருகிறார்களே, அதற்கும் அதே கணக்குத்தான். நடுவில் கேரளாவில் படித்தால் அந்த வரிசை அறுந்துவிடும். பிறகு திரும்பிப் போனாலும் ஒட்டாது.

சாதிச் சான்றிதழும் அப்படித்தான். மாநிலம் மாறினால் அங்கே வாங்கியதை வைத்து இங்கே மாநில ஒதுக்கீடு கேட்க முடியாது. பட்டியல் சாதி, பழங்குடியினர் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1990இலும் 2018இலும் இதைத்தான் சொன்னது. இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தோம்.

இங்கே பள்ளிகள் மோசம் என்று சொல்ல வரவில்லை. அரசுப் பள்ளியிலேயே நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், முதல் நாள் பிள்ளைகளை வாசலில் பாட்டுப் பாடி அழைத்துப் போகிறார்கள். ஆனால் 2017 சட்டப்படி பத்தாவது வரை மலையாளம் கட்டாயம். ஏழாவதில் வந்து எழுத்துக்கூட்ட ஆரம்பிக்கிற பிள்ளைக்கு அது லேசு இல்லை.

என் மகன் மூன்றாவதில் வந்ததால் மலையாளம் பிடித்துக்கொண்டான். போனது தமிழ். பேசுவான், எழுத மாட்டான். இரண்டு வருடத்துக்கு முன் தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். நோட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். 'அன்புள்ள' என்பதை எழுதி, ள் போடுகிற இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்தான். எந்தப் புள்ளி, எங்கே என்று தெரியவில்லை. அன்றிலிருந்து தினமும் இரவு அரைப் பக்கம் தமிழ் எழுத வைக்கிறேன். முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டும்.

3 ஜூன்

கரண்ட் பில் 'இரண்டு மடங்கு' என்று எழுதியிருந்தேனே, பழைய ரசீதுகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இரண்டு மடங்கு இல்லை. கோவை வீட்டில் வாஷிங் மெஷின் கிடையாது, இங்கே வந்துதான் வாங்கினோம். அதையும் சேர்த்துக் குற்றம் சொல்லிவிட்டேன். 100 யூனிட் இலவசம் இல்லை என்பது மட்டும் உண்மை.

15 ஜூன்

வண்டி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவெண்ணுக்கு மாற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. பழைய ஆர்டிஓ அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, அங்கே கட்டியதில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்க வேண்டும். பழைய ஸ்கூட்டர் என்றால் விற்றுவிட்டு வாருங்கள். ஓட்டுநர் உரிமம் அப்படியே செல்லும். வாக்காளர் முகவரிக்குப் படிவம் 8.

ரேஷன் அட்டையை மட்டும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன், சொல்லலாமா என்று தெரியவில்லை. நாங்கள் முறையாக மாற்றிவிட்டோம். இங்கே எங்களுக்கு வெள்ளை அட்டை, அரிசிக்குக் காசு. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது அத்தையின் தங்கைக்கு மாதம் 1,000 வர ஆரம்பித்தது, அத்தைக்கு இல்லை. பணத்துக்காக அத்தை வருத்தப்படவில்லை. "எனக்குன்னு ஒரு பேரு அங்க எந்தக் கணக்குலயும் இல்லாம போச்சில்ல" என்றார். டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போகிறதைத் தங்கை போனில் சொல்லும்போதும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.

மறுபடி யோசித்துப் பார்த்தேன். இருக்கிற ஊரில் அட்டை இருப்பதுதான் சரி. ஆனால் போவதற்கு முன்னால் மாமியாருக்கு என்னென்ன வருகிறது, எது நின்றுபோகும் என்று ஒரு தாளில் எழுதி அவருக்குக் காட்டிவிடுங்கள். அவருக்குத் தெரிந்து நிற்கட்டும்.

29 ஜூன்

சாப்பாடு. யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. ஏனென்றால் அது பிரச்சினையே இல்லை. பொன்னி அரிசி கிடைக்கும், நல்லெண்ணெய் கிடைக்கும், காய்கறி ஒட்டன்சத்திரத்திலிருந்தும் முட்டை நாமக்கல்லிலிருந்தும் வருகின்றன. தேங்காயெண்ணெய்த் தாளிப்பு மூக்குக்குப் பழக ஒரு மாதம். மத்தி மீன் பழகினால் விட முடியாது.

தண்ணீர் மட்டும். இங்கே விருந்தாளிக்குச் சுடுதண்ணீர்தான் கொடுப்பார்கள், சீரகம் போட்டோ பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்டோ கொதிக்க வைத்தது. பதிமுகத் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும். முதல்முறை பக்கத்து வீட்டில் டம்ளரைக் கையில் வாங்கிய அத்தை, குழாய்த் துரு என்று நினைத்து, அந்த வீட்டுக்காரி மனம் நோகக் கூடாதே என்று கண்ணை மூடிக் குடித்தார். "சிறுவாணித் தண்ணி குடிச்ச வாய்க்கு இது என்ன சோதனை" என்று வீட்டில் வந்து சொன்னார். சிறுவாணி அணையே பாலக்காடு மாவட்டத்தில், கேரள மண்ணில்தான் நிற்கிறது என்று மகன் வரைபடத்தில் காட்டிய பிறகு அத்தை ரொம்ப நேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

10 ஜூலை

நேற்று பொது வேலைநிறுத்தம். கோவையில் அண்ணன் வழக்கம்போல பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டார். இங்கே கடை, பஸ், ஆட்டோ எதுவும் இல்லை. ஹர்த்தால், அதாவது முழு அடைப்பு என்றால் இந்த ஊர் அப்படியே நின்றுவிடும். ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019இல் உத்தரவிட்டிருக்கிறது. வீட்டில் மூன்று நாளுக்கு மாத்திரை, ஒரு பால் பவுடர் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

குப்பையும் இந்த வகைதான். தினமும் வண்டி வந்து அள்ளிப் போகாது. ஹரித கர்ம சேனைப் பெண்கள் பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் மாதம் ஒருமுறை காசுக்கு எடுத்துப் போவார்கள். சோறு, காய்கறித் தோல் எல்லாம் நம் வளவுக்குள்ளேயே மக்க வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது கோவைக்குப் போனால் பால் கவரைக் கழுவாமல் போட எனக்குக் கை வருவதில்லை.

20 ஜூலை

தமிழரைக் கேலியாகப் 'பாண்டி' என்று சொல்வார்களா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சொல்வார்கள். பஸ்ஸில் ஒருமுறை என் காதுபட ஒருவர் சொன்னார், வலித்தது. அதே பஸ்ஸில் இன்னொரு சேச்சி எனக்கு இடம் கொடுத்து, நான் இறங்க வேண்டிய இடம் வந்ததும் "ஆள் இறங்ஙானுண்டு" என்று எனக்காகக் குரல் கொடுத்தார். இரண்டும் நடந்தது, இரண்டையும் எழுதுகிறேன்.

27 ஜூலை

வாசகி மறுபடி எழுதியிருக்கிறார். மாமியார் "எனக்கென்ன, எங்க வேணா இருப்பேன்" என்கிறாராம். எங்கள் அத்தையும் அச்சு அசலாக இதையேதான் சொன்னார்.

கோவையில் எங்கள் வீடு வரிசை வீடு. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போதே நாலு பேரிடம் பேசிவிடுவார். மத்தியானம் படியில் உட்கார்ந்தால் கீரைக்காரி, தபால்காரர், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். சாயங்காலம் பூக்காரி வந்து அரை முழம் அளந்து கொடுத்துவிட்டு மருமகள் கதை சொல்லிவிட்டுப் போவாள். இங்கே ஒவ்வொரு வீடும் பலா, தென்னைக்கு நடுவில் தனியாக நிற்கிறது. கிணறு, மதில், கேட். கேட்டுக்கு வெளியே ரோடு, அதில் வண்டிதான் போகும், ஆள் நடப்பதில்லை. பார்ப்பதற்கு எவ்வளவு குளுமை! வந்த அன்று நான் மயங்கி நின்றேன். அத்தை தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு முன்படியில் உட்கார்ந்து, பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோலம் போட்டால் பார்க்க ஆளில்லை என்று மூன்றாம் வாரம் அதையும் நிறுத்தினார். பூ விற்பவர்கள் தெருவில் வருவதில்லை.

அதோடு 2020இல் வாளையாற்றில் எல்லையை அடைத்தபோது, பாஸ் இல்லாமல் போக முடியாது என்றானபோது, 115 கிலோமீட்டர் என்பது கடல் தாண்டிய தூரம் மாதிரி ஆகிவிட்டது. அத்தையின் அண்ணன் இறந்ததற்குப் போக முடியவில்லை. அன்றிரவு அவர் அழவில்லை. பலகாரப் பாத்திரங்களையெல்லாம் எடுத்துப் போட்டுத் தேய்த்தார்.

எப்படி மாறியது என்று கேட்டால், பக்கத்து வீட்டு அம்மிணி அம்மாவால்தான். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) நான் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்களின் சுயஉதவிக் குழுவில் சேர்ந்தேன், வாரம் ஒரு வீட்டில் கூடுவார்கள். எங்கள் வீட்டில் கூடிய அன்று அத்தை பணியாரம் சுட்டார். அம்மிணி அம்மா அடுப்படிக்கே போய்ப் பணியாரக் குழிக்குப் பக்கத்தில் நின்று, எண்ணெய் எவ்வளவு, எப்போது திருப்ப வேண்டும் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். இவர் தமிழில் சொல்ல, அவர் மலையாளத்தில் கேட்க. மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குக் கேட் திறந்தது. பணியாரக் குழிக்கல் வேண்டும் என்று அம்மிணி அம்மா வந்திருந்தார். அன்றிலிருந்து தினமும் வருகிறார்.

3 ஆகஸ்ட்

போன குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் அடுக்குமாடி வீடு எடுத்தால் இந்தத் தனிமை வராதே" என்கிறார். வரலாம், வராமலும் இருக்கலாம். நான் அதில் இருந்ததில்லை. ஆனால் வீடு பார்க்க வரும்போது மாமியாரைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த வீட்டுப் படியில் அரை மணி நேரம் உட்காரவிடுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கவனியுங்கள்.

10 செப்டம்பர்

ஓணம் முடிந்தது. நாலாம் ஓணத்தன்று புலிக்களி என்கிற புலிவேட ஆட்டம் பார்க்க அத்தையும் அம்மிணி அம்மாவும் ஊர் நடுவில் இருக்கிற ரவுண்டுக்குப் போய், நெரிசலில் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். இரண்டு பேருக்கும் மறுநாள் முழுக்கக் கால் வலி.

வாசகி முடிவு எடுத்துவிட்டார். மகள் பன்னிரண்டாவது முடிக்கும் வரை அவரும் மாமியாரும் கோவையில், கணவர் திருச்சூரில் அறை எடுத்து, சனிக்கிழமை ரயில். கஷ்டம்தான், ஆறு வருடம். ஆனாலும் அவர் இடத்தில் நான் இருந்தால் இதையே செய்திருப்பேன்.

அவர் கணவருக்கு: திங்கள்கிழமை திரும்பி வரும்போது ஒரு முழம் மல்லிகை வாங்கி வாழையிலையில் சுற்றிக் கொண்டு வர முடியுமா? ஸ்டேஷனில் நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். அத்தை இப்போது அம்மிணி அம்மாவுக்கும் சேர்த்து இரண்டாக நறுக்குகிறார், அரை முழம் போதவில்லை.